சென்ட் நாணயத்தின் பிழையும் குறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1793ஆம் ஆண்டு தொடங்கி 2025 நவம்பர் வரை புழக்கத்திற்கென அடிக்கப்பட்ட ஒரு சென்ட் காசினை, அந்நாட்டு மக்கள் 'பென்னி' என்றே வழங்குவர். மிகச் சிறிய மதிப்புடைய இக்காசினைப் பூதக்கண்ணாடி கொண்டு ஆராய்வோர் அங்குப் பலர். அவர்களை அவ்வாறு ஆராயத் தூண்டியவற்றுள் தலையாயது 1955ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும்.

அவ்வாண்டு பிலடெல்பியா நாணயச்சாலையில், ஓரிரவு, ஓர் இயந்திரம் விந்தையான சென்ட்டுகளை அடித்துத் தள்ளிற்று. லிங்கன் தலைக்கு மேலுள்ள வாசகமும், 'லிபர்ட்டி' என்னும் சொல்லும், ஆண்டெண்ணும் இரண்டிரண்டாகத் தோன்றின. மேற்பார்வையாளர் இதனைக் கண்டறிந்தபோது, 20,000க்கு மேற்பட்ட காசுகள் நல்ல காசுக் குவியலோடு கலந்துவிட்டிருந்தன. குவியல் முழுவதையும் உருக்குவது வீண் எனக் கருதி, அப்படியே வெளியிட்டனர். அக்காலத்தில் 23 சென்ட் விலையுள்ள சிகரெட்டை இயந்திரத்தில் வாங்குவோர் 25 சென்ட் காசினை இடுவர். மீதி இரண்டு சென்ட் பெட்டியின் உறைக்குள்ளேயே இருக்கும். இப்பிழைக் காசுகளுட் பல அவ்வழியே மக்கள் கைக்குச் சென்றன. இன்று அவற்றுள் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகின்றது.

இப்பிழை நேர்ந்தது காசு அடிக்கும்போதன்று; அதற்கு முன்னர், அச்சுச் செய்யும்போதே நேர்ந்தது. உருவம் மேடாக எழுந்து நிற்கும் தாய் அச்சினை எஃகுத் துண்டின்மீது அழுத்தியே, பள்ளமான உருவுடைய அச்சினைச் செய்வர். அந்நாளில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது. ஆகவே எஃகைச் சூடேற்றி இளக்கி மீண்டும் அழுத்துவர். இரண்டாம் முறை அது சற்றே திரும்பியிருந்தமையால், ஒவ்வோர் எழுத்தும் அச்சிலேயே இரண்டாகிவிட்டது. அவ்வச்சினால் அடிக்கப்பட்ட காசெல்லாம் ஒரே பிழையை, ஒரே இடத்தில், ஒரே அளவில் தாங்கின.

அச்சுத் தளர்ந்து, காசின்மீது விழுந்த நொடியில் நகர்ந்துவிடுவதும் உண்டு. அப்போதும் எழுத்து இரண்டாகத் தோன்றும். ஆயினும் இரண்டாவது உருவம் எழுத்தன்று, நசுங்கிய ஓரமே. தட்டையாய், பளபளப்பாய், படிக்கட்டுப்போல் தாழ்ந்து கிடக்கும். எழுத்தின் பருமனும் குறைந்திருக்கும். மெய்யான இரட்டை அச்சிலோ எழுத்துத் தடித்திருக்கும். இரண்டு உருவங்களும் திரண்டிருக்கும். எழுத்து முனைகளில் பிளவு தெரியும். முதலாவது அன்றாடக் குறை. அதற்குச் சேகரிப்போர் தனிவிலை தருவதில்லை.

விந்தை என்னவெனில், அதே 1955இன் சென்ட்டுகளிலேயே, அச்சுத் தேய்ந்தமையால் கடைசி '5' மட்டும் மங்கலாய் இரட்டித்தவையும் ஏராளம். 'ஏழையின் இரட்டை அச்சு' என்று அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டனர். பெயரில் பரிவு இருக்கின்றதேயன்றி, விலையில் இல்லை. 1982இல் செம்பு மிகுந்த கலவையை விடுத்துச் செம்புப் பூச்சிட்ட துத்தநாகத்திற்கு மாறியபின், பூச்சு கொப்புளித்த காசுகளைப் பிழையென எண்ணி ஏமாந்தவரும் பலர்.

ஆனால் இந்த வரையறைக்கு அடங்காத காசும் ஒன்றுண்டு. 1922இல் டென்வர் நாணயச்சாலை மட்டுமே சென்ட் அடித்தது. ஆகவே அவ்வாண்டின் ஒவ்வொரு காசிலும் 'டி' என்னும் குறி இருத்தல் வேண்டும். அச்சினை அளவுமீறித் தேய்த்துச் சீர்செய்ததனால் சிலவற்றில் அக்குறி அடியோடு மறைந்தது. கண்டிப்பாக நோக்கினால் இது குறையே; எனினும் சேகரிப்போர் இதனை அரும்பொருள்களின் வரிசையிலேயே வைத்துள்ளனர். குறி மங்கலாகவேனும் தெரிந்தால், விலை வெகுவாகக் குறைந்துவிடுகின்றது.