ஊழியருக்கு ஊழியர்

சர்க்காருக்கு மனு எழுதுகிறவர்கள், கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று போட்டுக் கையெழுத்திடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. மனுவை நிராகரித்துப் பதில் எழுதிய வெள்ளைக்காரத் துரையும் அதே வாசகத்தின் கீழேதான் தம் பெயரைப் போட்டார். எழுதியவரும் அதை நம்பவில்லை, படித்தவரும் நம்பவில்லை.

அப்படிப்பட்ட ஒரு கையெழுத்தை மனப்பூர்வமாகப் போட்ட மனிதர் ஒருவர் இருந்தார். 590 முதல் 604 வரை ரோமாபுரியில் போப்பாண்டவராக இருந்த கிரெகோரிதான் அவர். ‘கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்’ என்று தம்மைக் குறிப்பிட்டுக்கொண்டார்.

செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே அந்த மாநகரின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அத்தனையையும் உதறிவிட்டு, சீலியன் குன்றில் இருந்த பூர்விக மாளிகையை மடமாக்கி, அதிலேயே ஒரு துறவியாகத் தங்கினார். ஆனால் உலகம் அவரை விடவில்லை. 589-ல் டைபர் நதி பெருக்கெடுத்து, திருச்சபையின் களஞ்சியங்களை அழித்தது. வெள்ளத்தின் பின்னாலேயே கொள்ளைநோய் வந்து, அப்போதைய போப்பாண்டவரையே பலிகொண்டது. ஜனங்கள் கிரெகோரியைத் தேர்ந்தெடுத்தார்கள். தப்பித்துக்கொள்ளப் பார்த்தார்; முடியவில்லை.

பதவி ஏற்றதும் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? கணக்குப் பார்த்ததுதான்! சிசிலித் தீவில் திருச்சபைக்கு ஏராளமான நிலம் இருந்தது. அங்கே குடியானவர்களிடம் பெரிய மரக்காலால் அளந்து தானியம் வாங்குவதாகக் கேள்விப்பட்டார். அந்த அநியாய அளவை நிறுத்தும்படி 591-ல் தம் நிர்வாகிக்கு நீண்ட கடிதம் எழுதினார். நிலங்களிலிருந்து வந்த வருமானம் ரோமாபுரியின் ஏழைகளுக்குச் சோறாயிற்று.

சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சரித்திரத்தை எழுதிய ஜான் என்ற திருத்தொண்டர் ஒரு சம்பவம் சொல்லுகிறார். நகரத்தின் ஒரு மூலையில் பிச்சைக்காரன் ஒருவன் இறந்து கிடந்தானாம். பசியால் செத்தான் என்று கேள்விப்பட்ட கிரெகோரி, தம் கையாலேயே அவனைக் கொன்றுவிட்டதுபோல் துடித்து, சில நாள் பூசை செய்யாமலே இருந்துவிட்டாராம். நடந்ததோ, பின்னால் வளர்ந்த கதையோ, அவரைப்பற்றி இப்படிச் சொல்லத் தோன்றியதே, அதுவே பெரிய விஷயம் அல்லவா?

பட்டங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்துப் பேராயர் உலகப் பொதுத் தலைவர் என்ற பொருள்படும் பட்டத்தைச் சூடிக்கொண்டபோது கடுமையாக எதிர்த்தார். தலைமைக்கு அவர் போட்டியிட்டதாகச் சந்தேகிக்கலாம். ஆனால் 598-ல் அலெக்ஸாண்டிரியாப் பேராயர் அதே பட்டத்தை அவருக்கே சூட்டி, ‘தாங்கள் கட்டளையிட்டபடி’ என்றும் எழுதினார். பட்டத்தையும் வேண்டாமென்றார் கிரெகோரி. ‘கட்டளை’ என்ற சொல் தம் காதில் விழக்கூடாதென்றும் கேட்டுக்கொண்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்னொன்றை மறைத்தால் அது சரித்திரமாகாது. 602-ல் போக்காஸ் என்ற படைத்தலைவன் அரியணையைக் கைப்பற்றி, மாரிஸ் சக்கரவர்த்தியின் கண்ணெதிரே அவர் புதல்வர்களைக் கொன்று, அவரையும் கொன்றான். அந்தக் கொலைகாரனைப் போற்றி வாழ்த்துக் கடிதம் எழுதினார் கிரெகோரி. தம் ஜனங்களின் பாதுகாப்பை நினைத்து எழுதினார் என்று சமாதானம் சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஆனாலும் அதைப் படிக்கும்போது மனம் கூசுகிறது.

மரக்காலைச் சரிபார்த்த கையே அந்தக் கடிதத்தையும் எழுதியது. ஏழைக்கு ஊழியனாக இருப்பவனுக்கும் அதிகாரத்தின் முன்னால் ஒரு சோதனை காத்திருக்கிறது. அந்த ஒரு சோதனையில் அவர் தவறியிருக்கலாம். ஆனால் பசித்தவன் செத்தால் அது தன் குற்றம் என்று எண்ணிய தலைவர்கள் எத்தனை பேர்? அவருக்குப் பின் வந்த போப்பாண்டவர்களும் அந்த வாசகத்தைத் தங்கள் பட்டங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். வாசகத்தை எழுதுவது சுலபம். மரக்காலை எடுத்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.