மலை கண்ட முதல் குரு

நம் நீலமலையின் சரித்திரத்தை கலெக்டர் ஜான் சல்லிவனிலிருந்து தொடங்குவதே வழக்கம். அவர் கோத்தகிரிப் பக்கமாக மலையேறியது 1819-ல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603-ல், கள்ளிக்கோட்டையிலிருந்து ஓர் இயேசு சபைக் குரு இங்கு வந்து திரும்பினார் என்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. அவர் இத்தாலி நாட்டவரான ஜாக்கோமோ பெனிசியோ அடிகளார். புனித தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்கள் இம்மலைமேல் தம் வேதத்தை மறந்து வாழ்கிறார்கள் என்றொரு பேச்சு மலையாள நாட்டில் இருந்தது. அதை விசாரித்து வரவே அவர் மலையேறினார்.

கிறிஸ்தவர் எவரையும் அவர் காணவில்லை. தோடர்களைக் கண்டார், படகர் ஊர்களையும் கண்டார். எருமையே தோடரின் செல்வம், பாலே அவர்கள் உணவு, கழுத்தில் மணி கட்டிய எருமைக்கு அவர்கள் செய்யும் வணக்கம் ஆகியவற்றையெல்லாம் எழுதி அனுப்பினார். தோடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்துள்ளதில் இதுவே பழமையானது. தேடிப் போனது கிடைக்காவிட்டாலும், கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தாரே, அதுவே பெரிது.

அவர் நடந்து வந்த மலை வேறு, நாம் காணும் மலை வேறு. அன்று சரிவெங்கும் புல். நீரோடும் மடிப்புகளில் மட்டுமே சோலை. பனி விழும் திறந்த வெளியில் சோலைக் கன்றுகள் எளிதில் பிழைப்பதில்லை. ஆகவே புல் புல்லாகவே நின்றது. மழையைப் பஞ்சுபோல் வாங்கி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விட்டது. தோடர் நெய் கொடுத்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தனர். படகர் தானியம் விளைவித்தனர். குறும்பர் காட்டுத் தேன் கொணர்ந்தனர். இவர்களுக்குள் பூசலும் அச்சமும் இருந்ததுண்டு. சொர்க்க பூமி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊற்றுகள் வற்றவில்லை.

வெள்ளையர் கண்ணுக்குப் புல்வெளி தரிசாகத் தோன்றியது. தோடரின் நில உரிமைக்காக வாதாடியவர்களில் சல்லிவனும் ஒருவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் வாதம் எடுபடவில்லை. விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அவை குறையவே, 1840-களில் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. பிறகு தேயிலை, சின்கோனா, உருளைக்கிழங்கு. சுதந்திரத்திற்குப் பின் நாமும் அதே வழியில்தான் சென்றோம். தோல் பதனிடச் சீகை, ரேயான் ஆலைக்குக் கற்பூர மரம் என்று புல்வெளிகளை நிரப்பினோம். குந்தா மின் திட்டத்தின் அணைகளிலும் புல்வெளிகள் மூழ்கின.

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கி, காடு திருத்தப்பட்டது. அக்குடும்பங்கள் பல நம் பங்கில் உள்ளன. அவர்களுக்கு உணவளித்த தோட்டத்தை நான் எப்படிக் குறை கூறுவேன்? சட்டியில் சோறு வேண்டும்; ஓடையில் நீரும் வேண்டும். 1978-லும் 1979-லும் மண் சரிந்தது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1986-ல் இப்பகுதி நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தும், செங்குத்துச் சரிவுகளில் கட்டடம் எழும்புவது நிற்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடலில், ஒரு நிலத்தைப் பற்றிய பெரிய திட்டங்களில் அந்நிலத்தின் பழங்குடியினரையே முதலில் கலந்து பேச வேண்டும் என்கிறார். நம் ஆலயம் கட்டிய நாட்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை. விறகுக்காகப் பின்சரிவில் கற்பூர மரம் வைத்தார்கள். கீழே பெண்கள் குடம் நிறைத்த ஊற்று சில ஆண்டுகளில் வற்றியதை மூத்தவர்கள் அறிவார்கள்.

இந்தப் பொன்விழாவுக்கு அதே சரிவில் ஆளுக்கொரு மரம் நட வேண்டுமென்று இளைஞர் மன்றத்தார் வந்து கேட்டார்கள். நல்ல எண்ணந்தான். கற்பூர மரங்களை அனுமதி பெற்றுப் படிப்படியாக எடுத்துவிட்டு, ஓடை ஓரத்தில் மட்டும் நாவல் முதலிய சோலைக் கன்றுகளை வைப்போம், மேட்டைப் புல்லுக்கு விட்டுவிடுவோம் என்றேன். விழாவுக்கு வரும் ஆயர் வெறும் புல்லையா பார்ப்பார் என்று ஒரு பையன் கேட்டான். அவருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்திருக்கிறேன்.