இதயச் சுவரும் இப்னுந் நஃபீஸும்

இதயத்தின் வலப்பகுதியிலுள்ள இரத்தம் இடப்பகுதிக்கு எவ்வழியே செல்கிறது? இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விடைதான் வழங்கி வந்தது. இரு கீழறைகளையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன என்பது கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் கூற்று. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலும் உடற்கூற்றில் பெரிதும் அவரையே தழுவியது.

அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு ஹிஜ்ரி 640இல் (கி.பி. 1242) விரிவுரை கண்ட இப்னுந் நஃபீஸ் அதனை மறுத்தார். டமாஸ்கஸில் பயின்று, கெய்ரோவில் மருத்துவராகத் திகழ்ந்த அப்பெருந்தகை ஷாஃபிஈ ஃபிக்ஹும் கற்பித்தவர். அச்சுவர் தடித்தது, அதில் வெளிப்படையான துளையும் இல்லை, மறைவான துளையும் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்தே இடப்பக்கம் வருகிறது என எழுதினார். 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ பெர்லினில் அதன் கையெழுத்துப் படியைக் கண்டறிந்த பின்னரே இவ்வுண்மையை உலகம் பரவலாக உணர்ந்தது.

நுரையீரல் வழியே இரத்தம் செல்வதால் ஒரு காவலும் கிடைக்கிறது. கால் சிரையில் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து வந்தால் நுரையீரலின் நுண்குழாய்களைக் கடக்க இயலாது, அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதுவும் ஆபத்தே, எனினும் கட்டி மூளையை எட்டாது. அவ்வாறிருக்க, சிலருக்குக் காலில் தோன்றிய கட்டி மூளைத் தமனியை அடைத்துப் பக்கவாதத்தை விளைவித்தது எங்ஙனம்?

1877இல் ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் கோன்ஹைம் விடை தந்தார். கருவிலுள்ள சிசுவின் நுரையீரல் சுவாசிப்பதில்லை; ஆகவே மேலறைகளுக்கு நடுவே ஒரு வாயில் திறந்திருக்கும். பிறந்த பின் அது மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுமையாக மூடுவதில்லை. அவர்களில் மிகப் பலருக்குத் தீங்கேதும் நேர்வதில்லை. ஆயினும் இருமும்போதோ முக்கும்போதோ வலப்பக்க அழுத்தம் மிகுந்தால், அவ்வழியே கட்டி கடந்துவிடக்கூடும். தக்க நோயாளிகளுக்கு அவ்வாயிலைக் கருவியால் அடைப்பது மீண்டும் பக்கவாதம் வருவதைக் குறைக்கிறது என 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இது இப்னுந் நஃபீஸைப் பொய்ப்பிக்கவில்லை. அவர் மறுத்தது கீழறைச் சுவரின் துளையை. அதே வேளை, அனைத்தையும் நம் முன்னோர் அன்றே உரைத்துவிட்டனர் எனப் பெருமிதம் கொள்வதும் முறையன்று. ஜாலீனூஸையும் இப்னு ஸீனாவையும் மதித்தவாறே அவர்களைத் தக்லீது செய்ய மறுத்தார் அவர். அவரையே நாம் தக்லீது செய்வோமாயின், அவர் விட்டுச் சென்ற வழியை நாம் பின்பற்றியோராக மாட்டோம்.