பூகோள வாத்தியாருக்குப் பாடம் சொன்னவர்கள்

எங்கள் காலத்தில் புவியியல் என்ற சொல் கிடையாது. பூகோளம்தான். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே சரித்திரத்துக்கும் பூகோளத்துக்கும் ஒரே வாத்தியார். சேன் நதி எந்த ஊர்கள் வழியாகப் போகிறது, லுவார் எங்கே கடலில் விழுகிறது என்று கடகடவென்று ஒப்பிப்போம். ஊரை ஒட்டி ஓடிய அரசலாறு காவிரியின் கிளை என்பது மட்டும் பாடத்தில் வரவில்லை. அதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாத்தியாருக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர் யார்? ஓய்வு பெற்ற பிறகு இதைத் தேடிப் படித்தேன். சுவையான வரலாறு.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நம் பெரியவர்கள் 'நார்மல் ஸ்கூல்' என்பார்கள். பெயர் ஆங்கிலமாகத் தெரிந்தாலும் மூலம் பிரெஞ்சு: 'எகோல் நொர்மால்'. 'நொர்ம்' என்றால் அளவுகோல், மாதிரி. எப்படிப் பாடம் நடத்தவேண்டும் என்பதற்கு மாதிரி காட்டும் பள்ளி என்று பொருள். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ல், பாரிஸில் அப்படி ஒன்றை ஏற்படுத்தினார்கள். சென்னையில் அரசாங்க நார்மல் ஸ்கூல் 1856-ல் வந்தது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. பெயருக்குப் பின்னால் எல்.டி. என்று போட்டுக்கொண்ட பழைய தலைமையாசிரியர்கள் பலர் அங்கே போய் வந்தவர்கள். டாக்டர் ராதாகிருஷ்ணனும் அங்கே பயிற்சி பெற்றவர்தான்.

ஆனால் பூகோளத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. பள்ளியில் அது பாடம். கல்லூரியில் அதற்குப் பட்டப்படிப்பு இல்லை. சரித்திரமோ கணக்கோ படித்து வந்தவர் கையில் பூகோளப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவர் என்ன செய்வார்? தலைநகரம், மலை, ஆறு, விளைபொருள் என்று பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்.

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் முனைந்தது பல்கலைக்கழகம் அல்ல, வாத்தியார்களுக்கு வாத்தியார்கள்தான். 1926-ல் சென்னை பூகோளச் சங்கம் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் சைதாப்பேட்டைக் கல்லூரியைச் சேர்ந்த என். சுப்பிரமணியம். சங்கம் ஓர் இதழ் நடத்தியது, ஆசிரியர்களுக்கு வகுப்புகள் வைத்தது. தொலைதேசத்தை விட்டு நம் கிராமம், நம் ஏரி, நம் மாவட்டம் என்று எழுதவைத்தது. காவிரி டெல்டாவும் அதில் இடம்பெற்றது. ஜார்ஜ் குரியன் போன்றவர்களால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூகோளத் துறை வலுப்பெற்றது அதற்குப் பிறகுதான். 1941-ல் சங்கம் இந்தியப் புவியியல் கழகமாகப் பெயர் மாறியது. இதழ் இன்றும் வருகிறது.

வெளிநாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர்கள் 1893-ல் ஒரு பூகோளச் சங்கம் கண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பூகோளத்துக்கென்று தனிப்பள்ளி வந்தது 1899-ல். பிரான்சில் விதால் த லா பிளாஷ் என்ற பேரறிஞர் இருபது ஆண்டுகள் பாடம் சொன்னது பாரிஸின் எகோல் நொர்மாலில். பள்ளிச் சுவர்களில் தொங்கிய பெரிய வரைபடங்களை உருவாக்கியவரும் அவரே. மற்றப் பாடங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கு இறங்கி வந்தன என்றால், பூகோளம் பள்ளிக்கூடத்துப் படியேறி மேலே போனது.

இதையெல்லாம் கோடியக்கரையில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, இங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. தஞ்சைச் சீமை முழுக்க நெல் விளைய, அதன் கோடியில் மணலும் உப்பளமும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வெயில், தட்டையான நிலம், கடல்நீர். உப்புக்கு வேறென்ன வேண்டும்? 1930-ல் ராஜாஜி உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு நடந்து வந்ததற்கும் இந்த நிலத்துக்கும் தொடர்பு உண்டு. சரித்திரமும் பூகோளமும் ஒன்றாக நிற்கும் இடம் இது. இதைச் சொல்லப் புத்தகமே வேண்டாம். ராமர் பாதம் மேட்டில் ஏறி நின்று கையை நீட்டினால் போதும்.

பனிக்காலத்தில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. பிள்ளைகள் பூநாரையைப் பார்க்கிறார்கள், வெளிமானைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூட வரும் ஆசிரியர் கையில் ஒரு வரைபடம் இருந்து நான் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களை இப்படி ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சைதாப்பேட்டைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பு பிடித்துக்கொண்ட விஷயம் அதுதான்: பார்த்தவன்தான் காட்ட முடியும்.

உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ பி.எட். படித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் இங்கே அனுப்பிவையுங்கள். ஆறு ஏன் இங்கே வரவில்லை, உப்பு ஏன் இங்கே விளைகிறது, பறவை ஏன் இங்கே இறங்குகிறது என்று மூன்றே கேள்விகள் கேட்கிறேன். பதில் தெரியவேண்டியதில்லை, நடக்கத் தெரிந்தால் போதும்.