சாரதியின் கண்ணும் வாகனத்தின் தூணும்

வீதி விபத்துகள் பற்றிய செய்திகளிலும் நீதிமன்ற வாக்குமூலங்களிலும் உலகெங்கும் ஒரே விதமாக இடம்பெறும் வாக்கியம் ஒன்று உண்டு. "நான் அவரைக் காணவில்லை" என்பதே அது. கேட்பவர்கள் இதனைக் கவனக்குறைவின் ஒப்புதலாகவோ அல்லது பொறுப்பிலிருந்து தப்புவதற்கான சாட்டாகவோ எடுத்துக்கொள்வதே வழக்கம். ஆனால், மூன்றாவது விளக்கம் ஒன்றும் இருக்கக்கூடும். அவர் அமர்ந்திருந்த வாகனமே அவரைக் காணவிடாமற் செய்திருக்கலாம். சாரதி எதனைக் காண்பார், எதனைக் காணமாட்டார் என்பது அவர் ஆசனத்தில் ஏறி அமர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வரைபட மேசையில் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. அந்தத் தீர்மானங்களின் வரலாறு பெரிதும் பேசப்படாத ஒன்று.

1886 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு மோட்டார் வண்டிக்குக் கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சாரதியின் பார்வைக்கு எதுவும் தடையாக இருக்கவில்லை. அதேபோன்று மழைக்கும் புழுதிக்கும் பூச்சிகளுக்கும் கூடத் தடை இருக்கவில்லை. ஆரம்பகாலச் சாரதிகள் கண்கவசம் அணிந்து வாகனம் செலுத்தியமைக்கு இதுவே காரணம். முன்கண்ணாடி வந்த பின்னர் மழை நாட்களில் அந்தக் கண்ணாடியே திரையாகியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்ற பெண்மணி, நியூயோர்க் நகரின் குளிர்காலத்தில் டிராம் வண்டிச் சாரதி ஒருவர் முன்சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியைச் செலுத்துவதைக் கண்டார். உள்ளிருந்தபடியே இயக்கக்கூடிய துடைப்பான் ஒன்றுக்கு 1903 இல் காப்புரிமையும் பெற்றார். எந்த நிறுவனமும் அதனை வாங்க முன்வரவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பின்னரே துடைப்பான் எல்லா வாகனங்களுக்கும் உரிய உறுப்பாகியது. அந்தப் பெண்மணிக்குக் கிடைத்த வருவாய் எதுவுமில்லை.

அடுத்த மாற்றம் கூரையினால் வந்தது. 1919 இல் அமெரிக்காவில் விற்பனையான கார்களில் ஏறத்தாழ 10 சதவீதமானவையே முற்றாக மூடப்பட்டவை. 1927 இல் அது 85 சதவீதமாக உயர்ந்தது. எட்டு ஆண்டுகளில் மக்கள் திறந்த வண்டியிலிருந்து கண்ணாடி அறைக்குள் குடிபுகுந்து விட்டனர். அந்த அறையின் கண்ணாடியோ சாதாரணத் தட்டைக் கண்ணாடி. விபத்தின்போது அது கத்தி முனைகளாகச் சிதறியது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் எட்வார் பெனடிக்டஸின் ஆய்வுகூடத்தில் 1903 இல் கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்தும் சிதறவில்லை என்றும், உள்ளே உலர்ந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலமே துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது என்றும் சொல்லப்படுகின்றது. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டும் படலத்தை வைக்கும் முறைக்கு 1909 இல் அவர் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்ணாடிகளுக்குப் பயன்பட்ட இந்தக் கண்டுபிடிப்பு, 1927 இல் வெளிவந்த ஃபோர்ட் மொடல் ஏ காரின் முன்கண்ணாடியில் இடம்பிடித்தது.

கண்ணாடி பாதுகாப்பானதாகிய பின்னர் அதனைப் பெரிதாக்கும் ஆசை பிறந்தது. ஆனால், அகலமான கண்ணாடியைப் பழுதின்றி வளைப்பது அக்காலத்தில் இலகுவான காரியமல்ல. எனவே இரு தட்டைக் கண்ணாடிகளைச் சற்றுச் சாய்த்து நடுவே ஒரு சட்டத்தினால் இணைத்தார்கள். இலங்கையின் வீதிகளில் இன்றும் ஓடுகின்ற மொறிஸ் மைனர் காரை அறிந்த வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் அறிமுகமான அந்தக் காரின் முதற் பதிப்புகளில் முன்கண்ணாடி இரு துண்டுகளாகவே இருந்தது. 1956 இல் மைனர் 1000 வெளிவந்தபோதுதான் நடுச்சட்டம் மறைந்து ஒரே வளைந்த கண்ணாடி வந்தது. பின்கண்ணாடியும் பெரிதாகியது. பழைய மைனரையும் பிந்திய மைனரையும் அடுத்தடுத்து நிறுத்தி உள்ளே அமர்ந்து பார்ப்பவர், அறையின் அளவு மாறாமலே அது விசாலமாகிவிட்டது போன்ற உணர்வைப் பெறுவார். திறந்தவெளி என்ற உணர்வு இட அளவிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பார்வை தடைப்படும் இடங்களின் எண்ணிக்கையிலிருந்தும் அது பிறக்கின்றது.

அதே காலத்தில் அமெரிக்கர்கள் இந்த உணர்வை எல்லை கடந்து கொண்டு சென்றனர். 1953 இன் கடிலாக் எல்டொராடோவில் முன்கண்ணாடி இரு பக்கங்களிலும் திரும்பிச் சென்று, போர் விமானத்தின் விமானி அறையை ஒத்திருந்தது. விற்பனையாளர்கள் அதனைப் பெருமையுடன் காட்டினார்கள். ஆனால் வளைவுகளில் காட்சி நெளிந்தது. பின்னோக்கி வளைந்த தூண் வாசலுக்குள் நீட்டிக்கொண்டு ஏறுபவரின் முழங்காலைப் பதம் பார்த்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த நாகரிகம் மறைந்தது. பார்வை விரிந்தது போன்ற தோற்றமும் பார்வை தெளிவாவதும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே முதற் பாடம் எனலாம்.

1959 இல் பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மீது கண்ணாடியை மிதக்கவிட்டுத் தயாரிக்கும் முறையை அறிவித்தது. நெளிவற்ற கண்ணாடி மலிவாகியது. 1955 இல் பாரிஸில் அறிமுகமான சிற்றோயன் டி.எஸ். காரின் மெல்லிய தூண்கள் ஏற்கெனவே வழிகாட்டியிருந்தன. அறுபதுகளும் எழுபதுகளும் சாரதியின் கண்ணுக்குப் பொற்காலமாக அமைந்தன. கதவின் மேல்விளிம்பு தாழ்வாகவும் தூண்கள் ஒடுக்கமாகவும் இருந்தன. 1975 இல் வெளிவந்த ஏ.எம்.சி. பேசர் என்ற அமெரிக்கக் காரின் வெளிப்பரப்பில் 37 சதவீதம் கண்ணாடியே. மக்கள் அதனை மீன்தொட்டி என்று கேலி செய்தனர்.

இந்தப் பொற்காலத்துக்கு ஒரு விலை இருந்தது. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்க வேண்டியவை இந்த மெல்லிய தூண்களே. இந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் மட்டும் வாகனங்கள் கவிழ்ந்து ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரின் கூரை அதன் எடையைப் போன்று ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று எழுபதுகளில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த விதி கூறியது. 2009 இல் அது மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. தூண்கள் தடித்தன. தலையைக் காக்கும் காற்றுப் பைகளும் அவற்றின் மூடிக்குள் புகுந்துகொண்டன. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் அவசியமாகியதால், முன்கண்ணாடி படுக்கையாகச் சாய்ந்தது. நிமிர்ந்து நின்ற தூணும் அதனுடன் சாய்ந்து, வளைவுகளிலும் சந்திகளிலும் சாரதி திரும்பிப் பார்க்க வேண்டிய திசையிலேயே குறுக்காகப் படுத்துக்கொண்டது.

இம்மாற்றங்களைக் குறைகூறுவது நியாயமாகாது. அவற்றினால் காப்பாற்றப்பட்டோர் பலர். ஆயினும் அதன் மறுபக்கத்தை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். மனிதனின் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர். தூண் அதனை விட ஒடுக்கமாக இருந்தால், ஒரு கண்ணுக்கு மறைவதை மற்றக் கண் கண்டுகொள்ளும். சற்றுத் தொலைவில் உள்ள எதுவும் முற்றாக மறையாது. தூண் பன்னிரண்டு சென்ரிமீற்றர் அகலமாகவும், கண்ணிலிருந்து எழுபது சென்ரிமீற்றர் தூரத்திலும் இருந்தால் நிலைமை வேறு. இருபது மீற்றருக்கு அப்பால் ஒன்றரை மீற்றருக்கும் அதிகமான அகலம் இரு கண்களுக்கும் மறைந்துவிடும். ஒரு மோட்டார் சைக்கிளும் அதில் வருபவரும் ஒளிந்துகொள்ள அது போதும். அதைவிட ஆபத்தானது, மறைந்திருப்பவரும் நகர்கிறார் என்பது. கார் சந்தியை நெருங்கும் வேகமும் அவர் குறுக்கே வரும் வேகமும் ஒத்துப்போனால், மோதும் கணம் வரை அவர் தூணுக்குப் பின்னாலேயே இருப்பார். "காணவில்லை" என்ற வாக்குமூலம் அப்போது முழு உண்மையாகும்.

தூண் தடித்து, கதவின் விளிம்பு உயர்ந்து, கண்ணாடி சிறுத்தபோது வாகனத்தின் உட்புறம் பதுங்குகுழி போலாகியது. இழந்த திறந்த உணர்வை உற்பத்தியாளர்கள் வேறொரு வழியாலே திருப்பிக் கொடுத்தனர். அதுதான் உயரம். 1970 இல் பிரித்தானியாவில் வெளிவந்த றேஞ்ச் றோவர் சாரதியை உயர்த்தி அமர்த்தியது. ஆனால், அந்த வாகனத்தின் கண்ணாடிகள் பெரியவை, தூண்கள் மெல்லியவை. முன்மூடியின் இரு மூலைகளும் சாரதிக்குத் தெரியும்படி அமைந்திருந்தன. பின்னர் வந்தவை உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டன. ஆசனம் உயர்ந்தது, அதனை விட அதிகமாக முன்மூடியும் உயர்ந்தது.

இதன் விளைவு அளந்து காட்டப்பட்டுள்ளது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2025 இல் வெளியிட்ட ஆய்வு, வாகனத்தின் முன்னுள்ள பத்து மீற்றர் பரப்பில் எவ்வளவு சாரதிக்குத் தெரிகின்றது என்று கணித்தது. 1997 ஆம் ஆண்டின் ஹொண்டா சி.ஆர்.வி. வாகனத்தில் 68 சதவீதம் தெரிந்தது. அதே பெயரில் 2022 இல் வந்த வாகனத்தில் 28 சதவீதமே தெரிந்தது. தாழ்வான ஹொண்டா அக்கோர்ட் காரிலோ இருபது ஆண்டுகளில் 65 சதவீதம் 60 ஆக மட்டுமே குறைந்தது. அதே நிறுவகத்தின் 2023 ஆம் ஆண்டு ஆய்வு, முன்மூடியின் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் பாதசாரிகளை மோதும்போது, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வாகனங்களை விட மரணம் விளைவிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று கண்டது.

உயரத்தில் அமர்ந்திருப்பவர் தொலைவிலுள்ள வீதியை நன்றாகக் காண்கிறார். எனவே எல்லாவற்றையும் காண்பதாக நம்புகிறார். நிலம் தூரத்தில் இருப்பதால் வேகமும் குறைவாகவே தோன்றுகின்றது. முன்சில்லின் அருகே நிற்கும் மூன்று வயதுக் குழந்தை மட்டும் அவருடைய உலகில் இல்லை. பார்வை உண்மையில் குறைந்த அதே காலத்தில் பார்க்கிறோம் என்ற நம்பிக்கை வளர்ந்தது என்பதே இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. பின்னோக்கிச் செலுத்தப்படும் வாகனங்களினால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 200 பேர் இறந்து வந்தனர். அவர்களிற் கணிசமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களும் சேர்ந்து போராடியதன் பயனாக 2008 இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் பின்புறக் கமெரா கட்டாயமானது 2018 மே மாதத்திலேயே. லண்டனில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளின் சாரதிக்கு நேரடியாகத் தெரியும் பரப்பினை அளந்து நட்சத்திரங்கள் வழங்கும் முறை 2021 இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஒக்டோபரில் ஆகக் குறைந்தது மூன்று நட்சத்திரங்கள் தேவை என்றாகியது. அதனை எட்டாதவை கூடுதல் உணர்கருவிகளையும் கமெராக்களையும் பொருத்த வேண்டும். சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளும் லொறிகளின் அருகே கண்ணுக்குத் தெரியாமல் மாண்டதே இதற்குக் காரணம்.

தூணின் பிரச்சினைக்கும் விடை உண்டு என்று 2020 இல் வெளிவந்த ஹொண்டா ஃபிட் காட்டியது. மோதலின் சுமையைச் சற்றுப் பின்னாலுள்ள இரண்டாவது தூணுக்கு மாற்றி, முன்தூண் கண்ணாடியைப் பிடித்திருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். முந்திய காரில் 116 மில்லிமீற்றராக இருந்த அதன் அகலம் 55 ஆகக் குறைந்தது. அதாவது, இரு கண்களுக்கும் இடையிலான தூரத்தை விடக் குறைவு. உள்ளிருப்பவரின் பாதுகாப்பையும் வெளியிலிருப்பவரின் உயிரையும் ஒருங்கே பேண முடியாது என்ற வாதம் இதனால் வலுவிழக்கின்றது.

நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் பெரும்பாலான சீர்திருத்தங்கள் உள்ளே அமர்ந்திருப்பவருக்காகவே நிகழ்ந்தன. கார் வாங்குபவர் அவரே. விற்பனைக் கூடத்துக்கு வருபவரும் அவரே. வீதியைக் கடக்கும் மூதாட்டியும் வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளையும் அந்தக் கூடத்துக்கு வருவதில்லை. அவர்களுக்காக விதிகள் பேச வேண்டும். விதிகள் வரும் வரை வாங்குபவராவது பேசலாம். புதிய வாகனத்தின் ஆசனத்தில் அமர்ந்ததும், வீட்டிலுள்ள சிறு பிள்ளையை மற்றொருவர் கைபிடித்து வாகனத்தின் முன்னால் நடத்திச் செல்லச் செய்து, எந்த இடத்தில் தலை மறைகின்றது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சந்தியில் உடலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்குப் பின்னாற் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். விற்பனைப் பிரசுரத்தில் அச்சிடப்படாத அளவு இதுதான். ஆனால், வெளியே நிற்பவருக்கு அந்த வாகனத்தைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் அளவும் இதுதான்.