திருக்கை மீனும் தமிழ்க் கடற்கரையும்



ஹைதராபாத் நகரம் கடலை விட்டு வெகு தொலைவில், தக்காணப் பீடபூமியின்மேல் அமைந்தது. சென்னை இராணுவத்தோடு செகந்தராபாத் பாளையத்துக்கு வந்த சிப்பாய்களின் வழிவந்தோரும், பிற்காலத்தில் உத்தியோகத்தையும் வாணிகத்தையும் நாடி வந்தோருமாகத் தமிழ் மக்கள் பலர் இங்கே வாழ்கின்றனர். அவர்களுள் கடற்கரை மாவட்டங்களைச் சேர்ந்தோர் வீட்டில் எப்போதாவது ஊரிலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலம் அவிழ்க்கப்படும். அதில் திருக்கைக் கருவாடும் இருக்கக்கூடும். வஞ்சிரத்துக்கும் வாவலுக்கும் உள்ள மதிப்பு திருக்கைக்கு இல்லை. ஆயினும், அதன் வரலாறு நம் கடற்கரையின் நீண்ட வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

திருக்கை சுறாவின் உறவினம். இரண்டுக்கும் எலும்பு இல்லை. உடலைத் தாங்குவது குருத்தெலும்பே. சுறாவுக்குச் செவுள் துளைகள் பக்கவாட்டில் அமைந்திருக்கும்; திருக்கைக்கு அவை அடிவயிற்றுப் புறத்தில் இருக்கும். இந்த அடையாளத்தைக் கொண்டு பார்த்தால், வாள்போல் நீண்டு இருபுறமும் பற்கள் பதித்த மூக்கையுடைய வேளா மீனும், தோற்றத்தால் சுறாவை ஒத்திருப்பினும், திருக்கை இனத்தையே சேர்ந்தது.

இது நம்மைச் சங்க காலத்துக்கு அழைத்துச் செல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் வாழ்வைச் சித்திரிக்கிறது. முழுமதி நாளில் அவர்கள் கடலுக்குச் செல்லாமல் ஓய்ந்திருந்தனர் என்றும், சினைச்சுறவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டனர் என்றும் அந்நூல் கூறுகிறது. சாதாரணச் சுறாவுக்குக் கொம்பு கிடையாது. ஆகவே, அது வேளாவின் வாள்மூக்கே எனக் கொள்வது பொருந்தும். உணவு தந்த உயிரையும், அச்சம் தந்த கடலையும் ஒரே அடையாளத்தில் வணங்கிய மரபு அது. பிற்காலத்தில் சமயங்கள் பல வந்தபோதும், வேளாக் கொம்பை வழிபாட்டு இடத்துக்குக் காணிக்கையாக அளிக்கும் வழக்கம் நம் கடற்கரையில் சில இடங்களில் தொடர்ந்தே வந்தது.

இனி, திருக்கையைப் பிடித்த முறையைக் காண்போம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் திருக்கை வலை என்ற பெயரிலேயே தனி வலை உண்டு. பெரிய கண்களை உடைய அவ்வலையின் கீழ் விளிம்பில் கற்களையும், மேல் விளிம்பில் மரக்கட்டை மிதப்புகளையும் கட்டி, கடலின் அடியில் மதில்போல் நிறுத்துவர். மாலையில் இட்ட வலையைக் காலையில் வாங்குவதே வழக்கம். நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முட்களைக் கட்டிப் பிடிப்பதும் உண்டு. பருத்தி நூலையும் சணலையும் கொண்டு முடைந்த வலை, பாய் விரித்த வள்ளம், நீரோட்டத்தை அறிந்த கண் ஆகியவையே அன்றைய முதலீடு.

வலையில் ஏறிய திருக்கையின் வாலிலுள்ள முள்ளை முதலில் ஒடித்துவிடுவர். அம்முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் வலி உயிரை வாட்டும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்துவதே இன்றைய மருத்துவமும் கூறும் முதலுதவி. உலர்ந்த திருக்கை வால் சவுக்காகப் பயன்பட்டது. திருக்கை என்றவுடன் நம்மில் பலருக்கு மீனைவிட அந்த அடியே நினைவுக்கு வருவது வேடிக்கைதான்.

திருக்கையின் தசையில் உப்புச்சத்தோடு யூரியாவும் மிகுதி. மீன் இறந்தபின் அது அம்மோனியாவாக மாறுவதால் நெடி எழுகிறது. விரைவில் கழுவி, கீறி, உப்பிட்டு உலர்த்தினாலன்றி அது தங்காது. இதனால் திருக்கை பெரும்பாலும் கருவாடாகவே உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றது. ஏழைகளின் புலால் உணவாயிற்று. கரையிலோ, புதிய திருக்கையை அவித்து உதிர்த்துப் பூண்டும் மிளகும் கூட்டிப் புட்டாகச் செய்து, பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொடுப்பர். பால் சுரக்கும் என்பது அவர்களது நம்பிக்கை.

தோலின் கதை இன்னும் வியப்புக்குரியது. சில வகைத் திருக்கையின் தோலில் மணிமணியான கடினப் புடைப்புகள் உண்டு. தச்சர் அதனைக் கொண்டு மரத்தை மெருகேற்றினர். வாட்பிடியில் அதைப் போர்த்தினால் கை வழுக்காது. ஜப்பானிய வீரர்கள் தம் வாட்பிடிகளுக்கு இத்தோலையே பெரிதும் விரும்பினர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியார் சோழமண்டலக் கரையில் பழவேற்காடு முதலிய துறைகளில் பண்டகசாலை அமைத்தனர். 1658-இல் நாகப்பட்டினமும் அவர்கள் வசமாயிற்று. இக்கரையிலிருந்து அவர்கள் ஜப்பானுக்கு அனுப்பிய சரக்குகளுள் திருக்கைத் தோலும் ஒன்று. அக்காலத்தில் ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட கோல்கொண்டா அரசின் பெருந்துறையான மசூலிப்பட்டினத்திலும் அக்கம்பெனிக்குப் பண்டகசாலை இருந்தது. இந்நகரத்துச் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய வாட்களைக் காண்போர், இவ்வாணிகத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் திருக்கை அறிவியல் நூல்களில் இடம்பெற்றது. விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல், அங்குக் கண்ட 200 மீன்களைப் படங்களுடன் விவரித்து 1803-இல் நூல் வெளியிட்டார். மீனவர் கூறிய தெலுங்குப் பெயர்களையே அதில் தலைப்பாக இட்டார். திருக்கை வகைகளை 'டெங்கீ' என்று அவர் குறித்தார். அவற்றுள் 'ஈல் டெங்கீ' என்ற பெயரை ஜெர்மானிய அறிஞர் ரூப்பெல் 1837-இல் ஒரு திருக்கைக்கு இலத்தீன் பெயராகவே சூட்டினார். படிப்பறியாத மீனவர் வாய்ச்சொல் உலக அறிவியலில் ஏறியது இவ்வாறு.

மன்னார் வளைகுடாவில் திருக்கைக்கு மற்றொரு பெயரும் கிடைத்தது: முத்துச்சிப்பியின் பகைவன். அதன் தட்டையான பற்கள் சிப்பியை நொறுக்கித் தின்னவல்லவை. இலங்கையில் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் பொய்த்ததன் காரணத்தை ஆராய 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல்; பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக விளங்கியவர். திருக்கையின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்புழு சிப்பிக்குள் புகுவதாலேயே முத்து உண்டாகிறது என்று அவர்கள் கருதினர். அதன்படி, சிப்பியைத் தின்னும் திருக்கையே முத்துக்கும் காரணமாயிற்று! பிற்கால ஆய்வுகள் இக்கொள்கையை ஏற்கவில்லை. எனினும், கடலில் ஓர் உயிரை மட்டும் பகையென்று ஒதுக்க இயலாது என்பதை அது அக்காலத்தவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

உப்பு வரியும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம். வரியால் உப்பு விலை ஏற, மீனவர் உவர்மண்ணைக் கொண்டு மீன் பதப்படுத்தினர்; கருவாடு கெட்டது. பிரான்சிஸ் டே 1873-இல் வெளியிட்ட அறிக்கைக்குப்பின், வரியில்லா உப்பை அளிக்கும் மீன் பதனிடும் முற்றங்கள் சென்னை மாகாணக் கரையில் பெருகின. உப்பின்றித் தங்காத திருக்கைக்கு இது பெரும் உதவியாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது மேனாட்டு மீனெண்ணெய் வரத்து தடைப்பட்டது. அப்போது சுறா, வேளா முதலியவற்றின் ஈரலிலிருந்து வைட்டமின் மிக்க எண்ணெய் இங்கேயே எடுக்கப்பட்டது. இழிவாகக் கருதப்பட்ட மீன் நோயாளிக் குழந்தைகளுக்கு மருந்தாயிற்று.

இத்தனை நூற்றாண்டுகளாகப் பிடித்தும் குறையாத மீன், இரண்டு தலைமுறைகளில் அருகிவிட்டது. காரணம் மறைபொருள் அன்று. 1950-களில் இயந்திரப் படகும், அதன்பின் நைலான் வலையும், கடலடியை வாரும் இழுவை மடியும் வந்தன. திருக்கையோ மணலில் படுத்திருக்கும் மீன். மற்ற மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிடுகையில், முள்வால் திருக்கைகள் சில குட்டிகளையே ஈனுகின்றன. ஆனைத் திருக்கை பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அது வளர்ந்து தாயாகப் பல்லாண்டுகள் செல்லும். பாய்மர வள்ளம் ஒரு நாளில் கொண்டதைக் கடல் ஈடுசெய்தது. இழுவை மடி கொண்டதை ஈடுசெய்ய இயலவில்லை. மூக்கிலுள்ள பற்களால் எவ்வலையிலும் சிக்கும் வேளா எல்லாவற்றுக்கும் முன் அரிதாயிற்று. பரதவர் நட்டு வணங்கிய கொம்புக்கு உரிய மீனை, இன்று வயதான மீனவர் சிலரே உயிரோடு கண்டவர்.

2001-இல் வேளா வகைகளும் வேறு சில திருக்கைகளும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை மேலும் விரிவாக்கியது. சட்டம் தேவையானதே. ஆனால், அது மீன்களை இலத்தீன் பெயரால் சுட்டுகிறது. கடலில் வலை வாங்குபவரோ குருவித் திருக்கை, கொம்புத் திருக்கை, புள்ளித் திருக்கை, ஆனைத் திருக்கை என்றே அறிவார். எதை விடுவிக்க வேண்டும், எதைக் கரைசேர்க்கலாம் என்பது அவருடைய மொழியில் சொல்லப்பட்டாலன்றி, சட்டம் மீனையும் காவாது, மீனவரையும் காவாது. ரஸ்ஸல் அன்று தெலுங்கு மீனவரிடம் பெயர் கேட்டு எழுதினார். தமிழ் மீனவரிடமும் அவ்வாறே ஊர்தோறும் கேட்டு எழுதிவைப்பது இன்றைய தேவை.

அப்பெயர்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களுள் சிலர், மகனோடோ மகளோடோ வசிக்கும் பொருட்டுக் கரையை விட்டு இத்தகைய தூரநகரங்களுக்கும் வந்திருக்கின்றனர். உங்கள் இல்லத்தில் அத்தகைய பெரியவர் இருப்பின், அவர் பிடித்த மீன்களின் பெயர்களையும், அவை கிடைத்த காலத்தையும் இடத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பேடு நம் கடற்கரையின் வரலாற்றுக்கு ஓர் ஆவணமாகும்.