ரிப்போர்ட்ல 'கே', உர மூட்டையில 'கே', நகையில 'கே'... எல்லாம் ஒண்ணா?

தக்கலையில இருக்கிற பாட்டியோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் உங்க வாட்ஸ்அப்புக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. அதுல ஒரு வரி: 'கே - 5.9'. பக்கத்துல 'ஹை'னு குறிப்பு. 'வைட்டமின் கே-தானே, கீரையைக் குறைச்சா போதும்'னு நினைச்சு, தெம்புக்கு ரெண்டு ஏத்தன்பழமும் ஒரு இளநீரும் கொடுத்தா? சிக்கலே அங்கதான். அந்த 'கே', பொட்டாசியம்!

பொட்டாசியத்துக்கு ஏன் 'கே'?

அதன் லத்தீன் பெயர் 'காலியம்'. தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்தது. 1807-ல் ஹம்ப்ரி டேவி இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 'பி' என்ற எழுத்து பாஸ்பரஸுக்குப் போய்விட்டது.

ரத்தத்தில் இது பொதுவாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கும். கூடுதலானதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்திலேயே தேங்கி, இதயத் துடிப்பைக் குலைக்கும். வாழைப்பழம், இளநீர் ரெண்டிலும் பொட்டாசியம் அதிகம். 'லோ சோடியம்' உப்பு பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதும் பொட்டாசியம் குளோரைடுதான். அதனால 'ஹை'னு வந்தா, அன்னைக்கே டாக்டரைக் கேட்டுடுங்க.

வாழைத் தோட்டத்தில்...

உர மூட்டையில் 'என்.பி.கே. 17:17:17'னு பார்த்திருப்பீங்க. மூன்றாவது எண் இதே 'கே'தான். ஆனால், அது பொட்டாசியம் ஆக்ஸைடு கணக்கில் சொல்லப்படும் சதவிகிதம்.

வைட்டமின் கே

இது தனிமம் இல்லை, கார்பன் சேர்ந்த மூலக்கூறு. 1930-களில் டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாம் கண்டுபிடித்தார். ரத்தம் உறைவதைக் குறிக்கும் 'கோயாகுலேஷன்' என்ற சொல்லை ஜெர்மன், டேனிஷ் மொழிகளில் 'கே'யில்தான் தொடங்குவார்கள். அதனால் வந்த பெயர். முருங்கைக்கீரை மாதிரி பச்சைக் கீரைகளில் நிறைய இருக்கு. ரத்தம் உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இன்னும் சில 'கே'

* கெல்வின்: வெப்பநிலை அலகு. 30 டிகிரி செல்சியஸ் என்பது 303.15 கெல்வின். இதற்கு 'டிகிரி' போடக் கூடாது.
* சமநிலை மாறிலி: ப்ளஸ் டூ வேதியியலில் பெரிய எழுத்து 'கே'. சின்ன எழுத்தில் வந்தால் அது வினைவேக மாறிலி.
* கேரட்: நகையில் '22 கே 916' முத்திரை. 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது 91.6 சதவிகிதம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தை மட்டும் பார்க்காதீங்க, பக்கத்துல இருக்கிற அலகைப் பாருங்க. லேப் ரிப்போர்ட்டில் மில்லி ஈக்விவலன்ட், மில்லிமோல்னு இருந்தா பொட்டாசியம். சத்து மாத்திரை அட்டையில் மைக்ரோகிராம்னு இருந்தா வைட்டமின்.

அடுத்த முறை வீட்டுப் பெரியவங்க ரிப்போர்ட் வந்தா, பழம் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வரியை ஒருமுறை 'ஜூம்' பண்ணிப் படிங்க!